கோள் சொல்லும் பெட்டிகள்

கூரைகளில் ஏறி, காற்றிலுள்ள புகையையும் பெய்யும் மழையையும் அளக்கும் பெட்டி பூட்டுவது என் தொழில். இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் அடுத்த இடி என் ஏணியிலேயே இறங்கட்டும்! ஏணியேறிப் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்குத்தான் இந்த வலி விளங்கும். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அளந்ததையெல்லாம் அது உடனுக்குடன் ஆபீசுக்கு அனுப்பிவிடும். அங்கே திரையைப் பார்த்திருப்பவள் சுமதி, எங்கள் மனேஜர் ஜெகனின் மனைவி.

வெள்ளவத்தை எரிகிறது

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட்டின் உச்சியில் பெட்டியைப் பூட்டி, சிக்னல் பிடித்ததைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டவில்லை, சுமதியின் போன். "அங்கிள், வெள்ளவத்தை எரியுது! புகை அளவு திரைக்கு மேலால போகுது!"

எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. நின்ற நெஞ்சோடுதான் திரும்பி ஓடி அத்தனை மாடியும் ஏறினேன். மேலே வீட்டுக்காரப் பரமேஸ்வரி அக்கா பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் பூசி, கண்ணூறு படாமல் தேசிக்காயும் கட்டி, சாம்பிராணித் தட்டை அதன் மூக்கடியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புதுச் சாமான் வந்தாச் சும்மா விடுறதே? உங்கட காரெண்டா சாம்பிராணி காட்டாம ஓட்டுவீங்களே?"

வெயிலில் அடைமழை

முகத்துவாரத்தில் மீன்பிடிக்காரர் வீடொன்றின் கூரையில் மழைமானியோடு பூட்டினேன். மறுநாள் கொழும்பே வெயிலில் வறுபடுகிறது, முகத்துவாரத்தில் மட்டும் அடைமழை என்கிறது திரை! வெள்ளம் வரப்போகிறதென்று ஆபீசில் ஊருக்குச் சொல்லவே வெளிக்கிட்டுவிட்டார்கள்.

விழுந்தடித்து ஓடினேன். வீட்டுக்காரி மெட்டில்டா கூரையில் ஏறி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வாளி வாளியாக ஊற்றுகிறாள். கருவாட்டுக்கு வந்த காகம் பெட்டியில் எச்சமிட்டுவிட்டதாம்.

"கம்பனிக்காரங்கட சாமான், ஊத்தையாக் கிடந்தா எங்களத்தானே ஏசுவாங்க, அங்கிள்!"

கொட்டாஞ்சேனையில் மர்மப் புகை

என் மகன் வயசுக்கார ஜெகன் முடிவாகச் சொல்லிவிட்டான், இன்னொரு பொய் அளவு வந்தால் நான் வீட்டுக்குப் போகலாமென்று. இந்த வயசில் எனக்கு வேறு யார் வேலை தருவான்? அதனால் கொட்டாஞ்சேனைக்கு அவனையே கூட்டிப்போனேன். சாம்பிராணி வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று வீட்டுக்காரரைக் கும்பிட்டுச் சொன்னேன். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. "நீங்கள் இறங்குங்கோ அங்கிள், நான் ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றான் ஜெகன்.

பாதிப் படியில் சுமதியின் போன். "அங்கிள், திரும்பவும் புகை!"

போச்சு, வேலை போச்சு! மேலே ஓடினேன். பெட்டியில் சாய்ந்துகொண்டு ஜெகன் சிகரெட் ஊதுகிறான்! முருகன் கோவிலில் சுமதியின் கையிலடித்து 'இனித் தொடமாட்டன்' என்று சத்தியம் பண்ணின அதே ஜெகன்.

"என்ன புகை அங்கிள்? இவர் பக்கத்தில நிக்கிறாரோ?" என்கிறாள் அவள். அது அவன் காதிலும் விழுந்தது. முகம் கரிச்சட்டியாகிவிட்டது.

"பக்கத்து வளவில குப்பை கொளுத்துறாங்கள், பிள்ளை" என்று போனை வைத்தேன். ஜெகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், நீங்கள் சாகுமட்டும் இந்த வேலை உங்களுக்குத்தான்!"

மறைக்கத் தெரியாதது அந்தப் பெட்டி மட்டும்தான், நீங்கள் மனிசர், ஆகவே இதை யார் சொன்னதென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள், என் ஏணி இப்போது உங்கள் நாக்கில்தான் சாய்ந்து நிற்கிறது.