மிளகாய் முற்றத்துச் சண்டைக்காரி

அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. ராயபுரத்தில் ஒரே முற்றத்தின் இந்தப் பக்கம் என் மளிகைக் கடையின் கிடங்கு, அந்தப் பக்கம் அவள் வீடு. புருஷன் ரயில் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் இங்கிலீஷ்தான் பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை தொப்பி வைத்துக் கோயிலுக்குப் போவார்கள். வெள்ளைக்கார ரத்தம் கலந்த அவர்களைச் சட்டைக்காரர்கள் என்று தெரு முழுக்கச் சொல்லும், நானும் சொல்வேன்.

சண்டை மிளகாயால் வந்தது. கிடங்கில் புழுங்கிவிடும் என்று நான் வற்றலை முற்றத்தில் காயப்போடுவேன். அவள் துவைத்த துணியோடு வந்து நிற்பாள்.

"இன்னா அண்ணாச்சி, நட்ட நடுவுல கொட்டிகீறே! வூட்டுக்காரரு ராவெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து தும்மிகினே கீறாரு. வாரிகினு போ, இல்லாங்காட்டி தண்ணிய எட்து ஊத்திடுவேன்."

ஊற்றியும் இருக்கிறாள். நான்கு வருஷம் இப்படியே போயிற்று. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்கு அவள் வாய்க்கு ஈடுகொடுக்க ஒருநாளும் முடிந்ததில்லை. தோற்றுத் தோற்று வயிறு எரிந்தேன்.

வெள்ளைக்காரன் போன புதிதில், எங்கள் தெரு வியாபாரிகள் ஒரு நாடகம் போட முடிவு செய்தார்கள். எழுதுகிறவன் நான். சின்ன வயதிலிருந்தே எழுத்தாளன் என்று பெயர் வாங்க வேண்டும் என்ற வெறி எனக்கு. அதில் ஒரு சட்டைக்காரியை வைத்தேன். பழிதீர்க்கத்தான் வைத்தேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மேடையில் துரைமார் எப்படிப் பேசுவார்களோ அப்படியே அவளைப் பேச வைத்தேன்: "ஏய் மேன், நான் தும்முது. நீ மிளகாய் எடுக்கிறான்?"

பாவாடை கட்டி அந்த வேஷம் போட்டவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் அம்மா மீன்காரி. முதல் ஒத்திகையிலேயே தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, அந்தம்மா இப்டியெல்லாம் பேசாதுபா. மீனு வாங்கசொல்ல எங்கம்மாவையே மடக்கிடும்."

"எழுதினவன் நானா நீயா? சொன்னதைப் பேசுடா" என்றேன்.

கிடங்கில் நடந்த ஒத்திகை முற்றத்துக்குக் கேட்காமல் இருக்குமா? மூன்றாம் நாள் ஈரக் கையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"நாலு வருசமா என்னாண்ட சண்ட போட்றியே, ஒரு நாளாவது நான் இப்டி பேசிகீறனா? சண்டக்காரின்னு எழ்து. ராட்சசின்னு எழ்து, வாங்கிக்கிறேன். பேசத் தெரியாதவன்னு எழ்தாத. நான் பொறந்தது இதே ராயபுரம். நீ எந்த ஊரு, அண்ணாச்சி?"

வந்த வழியே போய்விட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை என்பதால் ஆத்திரம் இன்னும் கூடியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மறுநாள் கடையில் உட்கார்ந்தே அந்தக் காட்சியைத் திருத்தினேன். நான்கு வருஷச் சண்டையும் மனப்பாடமாக இருந்தது; அவள் ஏசினதையெல்லாம் அப்படியே இறக்கினேன். காகிதத்தில் ஒரு பொம்பளை இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் எழுதியதில் உயிர் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கே பயமாக இருந்தது.

நாடகத்துக்குச் செக்ரட்டரியாக இருந்த அரிசிக் கடைக்காரர் என் ஊர்ப் பக்கத்துக்காரர். வாசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் போட்டார்.

"என்னவே இது, கருவாட்டுக்காரி பேச்சுல்லா! சட்டைக்காரி எங்கயாவது இப்படிப் பேசுவாளா? சனம் நம்பாதுவே. பழைய மாதிரி வையும், இல்லேன்னா வேற ஆளை எழுதச் சொல்லுதேன்."

அவர் கடை அவள் வீட்டுக்கு மூன்றாவது கட்டடம். மாதாமாதம் அவரிடம்தான் அரிசி வாங்குகிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வேறு ஆள் எழுதினால் எழுத்தாளன் என்ற பெயர் அவனுக்குப் போய்விடும். பழையபடியே மாற்றிக் கொடுத்தேன்.

நாடகத்தன்று கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. மிளகாய் வசனத்துக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இரண்டாம் வரிசையில் அவள் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் எழுந்து போவாள் என்று பார்த்தேன், போகவில்லை. கடைசிவரை மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மாலை போட்டார்கள்.

மறுநாள் வேண்டுமென்றே இரண்டு மூட்டை மிளகாயை முற்றத்தில் கொட்டினேன். வந்தாள். நான் வேட்டியை மடித்துக்கட்டித் தயாராக நின்றேன். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"ஏய் மேன், நான் தும்முது. நீ மிளகாய் எடுக்கிறான்?"

சொல்லிவிட்டு வாசலில் நின்ற மீன்காரி பக்கம் திரும்பினாள். "இன்னாமே, நேத்து குட்த்த மீனு ஒரே நாத்தம்? நாங்க இன்னா இளிச்சவாயா?" என்று அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் ஒரு பேச்சு, எனக்கு மட்டும் நான் எழுதிக் கொடுத்த பேச்சு. மிளகாயை அள்ளிப் பார்த்தேன், அள்ளாமலும் பார்த்தேன். ஒரு வசவாவது வாங்கிவிட வேண்டும் என்று அவள் துணிக்கொடியைக்கூட ஒருதரம் அறுத்தேன். "மேன், கொடி விழுது" என்று சொல்லிவிட்டு அவளே கட்டிக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து அந்தக் குடும்பம் இங்கிலாந்துச் சீமைக்குக் கப்பலேறியது. குதிரை வண்டியில் பெட்டிகள் ஏறிவிட்டன. "போய்ட்டு வரேன்மே, உன் புள்ளைங்கள பாத்துக்கோ" என்று மீன்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரிசிக்காரரிடம்கூட "நைனா, வரட்டா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தாள். நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன்.

"நான் போகுது, மேன்" என்றாள்.