கம்பைலர் எட்டிப் பார்க்காத கிணறு

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்தபோது எனக்கு இருந்த திமிருக்கு யாராவது நாலு அறை விட்டிருக்கலாம். விடவில்லை.

அக்காவைக் கடலாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் வெளிநாட்டில். அரை ஏக்கர் முண்டு மிளகாயை அவள் ஒருத்தியாகத்தான் பார்த்தாள். கோடையில் அந்தக் கிணற்றில் ஊற்று குறைவு. ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போதே நிறுத்தாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் சுருள் கருகிவிடும். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவள் கிணற்றடியிலேயே காவல் கிடந்தாள்.

விடுவேனா நான்? பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மோட்டார் ரூமில் வைத்தேன். கிணற்றுக்குள் ஒரு மிதவை, அதிலிருந்து ஒயர் இழுத்துப் பிரிண்டர் போர்ட்டில் சொருகினேன். தண்ணீர் இறங்கினால் புரோகிராம் மோட்டாரை நிறுத்தும். போர்ட்டைப் படிக்க சி மொழியில் ரெடிமேடாகவே ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதை எழுதினால் என்ன கெத்து? சி புரோகிராமுக்கு நடுவே, மெசினிடம் நேரடியாகப் பேசுகிற அசெம்பிளி மொழியில் ஒரு வரியைச் செருகினேன். பத்து நாள் அருமையாக ஓடியது.

பதினோராம் நாள் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்காது. பட்டு வேட்டி கட்டிக் கிளம்பும் முன், சும்மா இருக்காமல், புரோகிராம் இன்னும் வேகமாக ஓடட்டும் என்று நாம் எழுதுவதை மெசின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரில், வேகம் கூட்டும் ஆப்டிமைசேஷனைப் போட்டு மறுபடி கம்பைல் செய்தேன். மிதவையை இறக்கிச் சோதிக்கவில்லை. வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மோட்டார ஆஃப் பண்ணிட்டு வாரேன்லே" என்றாள் அக்கா.

"நீ நிம்மதியா வாக்கா. மெசினு பாத்துக்கிரும்."

கோயிலில் எனக்கு மாலையென்ன, மரியாதையென்ன! பிள்ளை என் மடியில் வீரிட்டது. மத்தியானம் திரும்பி வந்தால் மோட்டார் ரூமில் கருகிய நாற்றம். கிணற்றில் சேறு. கம்ப்யூட்டர் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

கம்பைலரைத் திட்டித் தீர்த்துவிட்டு, அது உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்து பார்த்தேன். போர்ட்டைப் படிக்கும் வரி, திரும்பத் திரும்ப ஓட வேண்டிய லூப்புக்கு வெளியே, மேலே, ஒரே ஒரு தடவை நின்றது. செருகிய அசெம்பிளிக்குள் என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று நாம் எழுதிக் கொடுப்பதை மட்டும் நம்பும். உள்ளே போவது மாறாத அதே போர்ட் எண், ஆகவே விடையும் மாறாது, எதற்கு வெட்டியாகத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று அது தூக்கி வெளியே வைத்துவிட்டது. காலையில் கிணற்றில் தண்ணீர் இருந்தது. நாள் முழுக்க இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டது. விடை மாறக்கூடும் என்று எச்சரிக்கும் 'வொலடைல்' என்ற ஒரு சொல்லைப் போட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கும். நான் போடவில்லை.

மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி வர எட்டு நாள் ஆனது. குடம் குடமாக இறைத்து ஊற்றினோம். பூவெல்லாம் உதிர்ந்து பாதிச் செடி காய்ந்தது. நான் வாய் ஓயாமல் கம்பைலர் புத்தியை விளக்கிக்கொண்டே நடந்தேன்.

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். "ஏலே, அது கெடக்கட்டும். பத்து நாளு ஒழுங்கா ஓடுனத அன்னைக்கிக் காலையில மாத்துனியே, எங்கிட்டச் சொன்னியா? சொல்லியிருந்தா ஆஃப் பண்ணிட்டு வந்துருப்பேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. காய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.