அக்கா கடையில் ஆங்கிலப் பூ

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே என் அக்கா பூ கட்டி விற்கிறாள். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பழைய ஆங்கிலச் சொற்களின் மேல் எனக்குக் கிறுக்கு. அதிலும் பூவைப் பற்றிய சொல் ஒன்று கிடைத்துவிட்டால் இருப்புக் கொள்ளாது. பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போய் அக்காவிடம் சொன்னால்தான் நிம்மதி.

'நோஸ்கே' என்றால் மூக்குக்கு விருந்தாகக் கையில் வைத்திருக்கும் சின்னப் பூங்கொத்து. அதையே 'டஸ்ஸி மஸ்ஸி' என்றும் சொன்னார்கள் என்றேன்.

"பூனையக் கூப்புடறாப்ல இருக்குது" என்றாள்.

மரம் முழுக்கப் பூத்து நிற்பதற்கு 'புளோத்' என்று ஒரு சொல் இருந்தது, இப்போது அதைச் சொல்ல ஆளில்லை என்று நான் உருகியபோது ஈரத்துணியை உதறினாள்.

"பூத்துட்டா உன் இங்கிலீஷ்காரனுக்கு சந்தோசம். எனக்கு யாவாரம் போச்சு."

உண்மைதான். சிங்கவரத்திலிருந்து காலையில் வரும் மல்லியை மொட்டாக இருக்கும்போதே விற்றாக வேண்டும். கோட்டைப் பாறை சூடேறினால் மூன்று மணிக்கே மொட்டு வாய் திறந்துவிடும். துணியை நனைத்து நனைத்து மூடுவாள். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, என்னைக் கிண்டல் செய்துகொண்டே, பூவைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவாள். அந்த விரல்களை எத்தனை நாள் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நான் சேர்த்த சொற்கள் மொத்தமும் அவற்றுக்கு ஈடாகாது.

ஊரே அவள் கட்டிய பூவை வைத்துக்கொண்டு நடந்தது. அவள் கணவர், எங்கள் மாமா, இறந்த இந்த மூன்று வருடமாக அவள் தலையில் மட்டும் பூ இல்லை.

அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் குறித்தார்கள். "தட்ட நீயும் உன் பொண்டாட்டியும் மாத்துங்கடா. நான் பின்னால நிக்கறேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்கவைத்தவள் எதற்குப் பின்னால் நிற்க வேண்டும்? நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. வழக்கம்போல ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இன்னிக்கு ஒண்ணு கெடச்சுது, ரிமான்டன்ட். ஒரு தடவ பூத்து ஓய்ஞ்ச ரோஜா, அதே வருசம் மறுபடி பூத்தா அப்படிச் சொல்லுவாங்களாம்."

அக்காவின் கை நின்றது. கடையில் அது நின்று நான் பார்த்ததே இல்லை.

"இதுக்கு ஒரு பேரு வேற வெக்கணுமா?" என்றாள். "செடி யாரக் கேட்டுக்கினு பூக்குது?"

மறுபடி கட்டத் தொடங்கினாள். அவளுக்கு நான் சொன்னது உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று வந்த பெண்களுக்கெல்லாம் அக்காதான் பூ கட்டிக் கொடுத்தாள். தட்டு மாற்றும் நேரம் வந்ததும் நான் குனிந்து தட்டை எடுத்தபோது அவள் முன்னால் வந்து நின்றாள். கொண்டையோரம் ஒரு விரல் நீளத்துக்கு மல்லி. மொட்டு இல்லை, நன்றாக மலர்ந்த பூ. சம்பந்தி வீட்டார் பக்கம் பேச்சு நின்றது. எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"விரிஞ்சி போன பூடா. யாருக்கும் குடுக்க முடியாது, வீணாக்கவும் மனசு வரல" என்றாள். "தட்ட இங்க குடு."