முருகனுக்குக் கொடுத்து, தவிட்டுக்கு வாங்கி

காலை ஏழு மணிக்குப் பொதட்டூர்பேட்டையில் திருத்தணி பஸ் ஏறினோம். நான், என் மருமகள் கோமதி, அவள் இடுப்பில் பத்து மாதப் பேத்தி, என் பையில் ஒரு படி தவிடு. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை, கைப்பிள்ளைக்கும் இல்லை. தவிட்டுக்கு லக்கேஜ் கேட்பானோ என்றுதான் எனக்குப் பயம்.

தவிடு எதற்கு என்பீர்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைச் சாமிக்கே கொடுத்துவிடுவோம். பிறகு வேறொருத்தி தவிட்டை விலையாக வைத்து வாங்கி, தாயிடம் வளர்க்கக் கொடுப்பாள். அன்றிலிருந்து அப்பன் சாமி, பெற்றவள் வளர்க்கிறவள்தான்.

கோமதி இரண்டு பிள்ளைகளைத் தொட்டிலிலேயே பறிகொடுத்தவள். இதை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை. தூங்கும்போதும் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். பத்து மாதமாகியும் பிள்ளை தவழவில்லை. இறக்கி விட்டால்தானே தவழும்.

பஸ்ஸில் நெரிசல். உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையை நீட்டினாள். "புள்ளய இப்டி குடும்மா, மடில வச்சிக்கினு வரேன்."

"வாணாங்க."

"குடேண்டி," என்றேன். "அந்தம்மா இன்னா முழுங்கிடப் போவுதா?"

"வாணாத்த."

இருபது கிலோமீட்டரும் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பிள்ளை. பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் நான்தான் பிள்ளையின் முதுகுக்குக் கை கொடுத்தேன்.

எட்டேகாலுக்குத் திருத்தணி. படி ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய்.

"மொட்டையா, காதுகுத்தா பாட்டி?" என்றான் டிரைவர்.

"இல்ல நைனா, பொண்ணு குடுக்க வந்துகிறோம்."

"மாப்ள யாரு?"

"மாப்ள இல்ல, அப்பன். மேல உக்காந்துகிறானே, அவன்."

அவன் சிரித்தான். கோமதி சிரிக்கவில்லை. மலை வளைவில் என் காதருகே கேட்டாள்: "குடுத்தா அவுரே வச்சிக்கினா இன்னாத்த பண்றது? ஏற்கெனவே ரெண்டு வச்சிக்கினாரே."

தவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு வரிசையில் நின்றோம். முன்னால் ஆந்திராக்காரர்கள், மொட்டைத் தலையில் சந்தனம். என்னைவிடக் கிழவி ஒருத்தி "தண்ட்ரி, தண்ட்ரி" என்று தெலுங்கில் அப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்தாள். உள்ளே இருப்பவனோ மீசை முளைக்காத பையன் மாதிரி நிற்கிறான். அவனை அப்பா என்று கூப்பிடுகிறோமே, நாங்கள் எல்லாரும் என்ன வயதுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

தரிசனம் முடிந்து பலிபீடத்துக்கு எதிரே துண்டை விரித்தேன். ஓரமாகத் தவிட்டைக் கொட்டினேன். கோமதி நின்றாள். குனிந்தாள். மறுபடி நிமிர்ந்தாள். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"நான் கீறேன்டி," என்றேன்.

துண்டில் இறக்கினாள். "அப்பா, இது உன் புள்ள," என்றாள். இரண்டடி பின்னால் போய்க் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பிள்ளை அழும் என்று பார்த்தேன். அழவில்லை. அம்மாவைப் பார்த்தது, தவிட்டைப் பார்த்தது. கையை ஊன்றி, முட்டியை இழுத்து, தவிட்டை நோக்கித் தவழ்ந்தது. போய் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. தன் விலையைத் தானே தின்ற பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வாயைத் துடைத்துத் தூக்கிக் கோமதியிடம் நீட்டினேன். "இந்தா, முருகன் புள்ள. வளத்துக் குடு."

வாங்கினாள். சற்று நேரம் மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி கீழ உடட்டுமாத்த?" என்றாள்.

ஒரு மணிக்குத் திரும்புகிற பஸ். காலையைவிட நெரிசல். ஜன்னலோரம் முன்பின் தெரியாத ஒருத்தி கையை நீட்டினாள். கோமதி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள்.

"யார் புள்ளம்மா, உன்னுதா?"

"மேல கீறாரே, அவுருது. நான் வளக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கம்பியில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கியும்விட்டாள்.

பொதட்டூர்பேட்டை வரும் வரைக்கும் அந்த மடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தவள் நான்தான்.