கெட்டிலுக்கு வந்த தோல்

ஸ்டோர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: கணக்குகூடப் போகப் போக வந்துவிடும், சந்தேகப்படத் தெரியவேண்டும்.

நீடாமங்கலத்துக்கு வெளியே, வெண்ணாற்றை ஒட்டிய ரெசிடென்ஷியல் பள்ளி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். வெளிநாட்டு சிலபஸ். ஏழாம் வகுப்புக்குக் கனடாவின் பழைய தோல் வியாபாரம் ஒரு பாடம். அதை வாழ்ந்தே படிக்கவேண்டும் என்று வரலாற்று மிஸ் ஆற்றோர மைதானத்தில் சவுக்குக்கழி நட்டு அந்தக் காலத்து வியாபாரக் கோட்டை ஒன்று கட்டினார். பிள்ளைகள் கூடாரத்தில் தங்கி, விறகடுப்பில் சமைத்து, 'வேட்டையாடிய' தோலைக் கொடுத்துக் கெட்டில், கம்பளி, பாசிமணி வாங்கிக்கொள்ளவேண்டும். நம் ஊர் வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வியாபாரியாக உட்கார்ந்தவன் நான். தலையெழுத்து!

தோல் எல்லாம் கசாப்புக் கடையில் நான் வாங்கிவந்த ஆட்டுத்தோல்.

"தோல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க சார். அந்தக் காலத்து வியாபாரி கேக்க மாட்டான்" என்றார் மிஸ்.

எனக்கு அது அன்றே உறுத்தியது. கேள்வி கேட்காமல் சரக்கு எடுப்பதா?

வால்

மறுநாள் காலை கோட்டைக்குள் இருந்த பூட்டில்லாத கடையைத் திறந்தால் ஒரு கெட்டிலைக் காணோம். அது இருந்த இடத்தில் ஈரம் காயாத தோல் ஒன்று. பழுப்பு மயிர், மீன் கவிச்சி, தடித்த வால். ஆட்டுக்கு ஏது அந்த வால்? நீர்நாய். வனச் சட்டப்படி அந்தத் தோலை வைத்திருந்தாலே கேஸ்.

வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன், சமையல்காரரைச் சந்தேகப்பட்டேன். பிரின்ஸிபாலோ என்னைச் சந்தேகப்பட்டார்.

"தோல் வாங்குனது நீங்கதானே? போலீஸ் கேட்டா உங்களத்தான் காட்டுவேன்."

ஊரைச் சந்தேகப்பட்டே காலம் தள்ளியவனுக்கு அன்றுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

மதியம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து நின்றார். ஆற்றில் வலை போடுகிறவர்; அடிக்கடி பார்த்த முகம். ஒளிவு மறைவே இல்லாமல் பேசினார்.

"கெட்டில எடுத்தது நான்தாங்க. விடியக்காலம் வந்தேன், ஆளக் காணோம். தோல வச்சுட்டுத்தான் எடுத்தேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நேத்து பூரா பாத்தேனே? பிள்ளைங்க தோலக் குடுத்துட்டுதானே வாங்கிட்டுப் போவுது?"

மிஸ் என் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"அது எப்படிச் செத்துச்சு?" என்றேன்.

"வலையில மாட்டிக்கிச்சுங்க."

"மாட்டிக்கிச்சா, மாட்ட வச்சீங்களா?"

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்:

"இதோட சோடி அங்கதான் சுத்துது. கம்பளிக்கு எத்தன தோல் கேப்பீங்க?"

மிஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கடை மூடியது

"கமுக்கமாப் பொதச்சிருங்க" என்றார் பிரின்ஸிபால். பழி பிறகு என் தலையில் விடியும் என்று தெரியாதா எனக்கு? வனத்துறைக்கு நானே போன் செய்தேன். வந்தார்கள், தோலையும் எடுத்துக்கொண்டார்கள், அவரையும் அழைத்துப் போனார்கள். ஜீப்பில் ஏறும்போதும் அவருக்குப் புரியவில்லை.

"அப்ப அந்தப் பிள்ளைங்க குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

கோட்டையை அன்றே பிரித்தோம். அந்த நீர்நாய் தானாக மாட்டியதா, கெட்டிலுக்காகச் செத்ததா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: விளையாட்டுக் கடையாகவே இருந்தாலும், சரக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

வெண்ணாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பார்க்கிறேன். அந்த நீர்நாயின் சோடி இதுவரை என் கண்ணில் படவில்லை.