பெட்டியைக் கவிழ்த்தவள்

என் தங்கை வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். படகில் ஏறினாலே குடலைப் புரட்டும் வயிற்றை வென்றாள். "மீன் நறுக்கத்தானே போறா, அதுக்கு எதுக்கு காலேஜு?" என்று எங்கள் வீட்டுக்கே வந்து, எங்கள் காபியையே குடித்துவிட்டுக் கேட்ட பெரியப்பாவை வென்றாள். கடல் உயிரியல் படித்து வந்தவளுக்குக் கோப்புகளைத் தூசி தட்டும் வேலை கொடுத்த அலுவலகத்தை வென்றாள். கடைசியாக வெள்ளை ஷூவை வென்றாள். அவரை வெல்வது பெரிய காரியமில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை வெல்வதுதான் பெரிய காரியம்.

வெள்ளை ஷூ என்பவர் மீன்வள ஆய்வு அலுவலகத்தின் இயக்குநர். பெயர் வைத்தது துறைமுகம். மீன் இறங்கும் தளத்துக்கு வெள்ளைத் துணி ஷூவோடு வந்து, அது நனையாமல் திரும்பிப் போகும் வித்தையை அவர் ஒருவரே அறிவார். ஏலக்கூடத்தை ஒட்டித் தார்ப்பாய் தைக்கும் கடை என்னுடையது. அதனால் அந்த வித்தையைப் பல ஆண்டுகள் இலவசமாகப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய ஆட்கள் மீனை அளப்பது இப்படி. ஐஸ் பெட்டி திறந்திருக்கும். மேல் வரிசை மீன்களை இரண்டு விரலால் தூக்கி, அளவுப் பலகையில் கிடத்தி, நீளத்தைச் சொல்லிவிட்டு விரலைத் துடைத்துக்கொள்வார்கள். ஆராய்ச்சி முடிந்தது. பெட்டியின் மேல் வரிசையில் பெரிய மீனைத்தான் அடுக்குவார்கள். பொடி எல்லாம் அடியில் கிடக்கும். பழக்கடையில் ஒருமுறை ஆரஞ்சு வாங்கி ஏமாந்தவனுக்குக்கூட இது தெரியும். பட்டத்தின் மேல் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது, பெட்டியைக் கவிழ்த்தால் சட்டையில் ஐஸ் தண்ணீர் தெறிக்கும் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அறிக்கை ஒரே பாட்டைப் பாடியது: மீன்கள் நன்கு வளர்ந்தவை, கட்டுப்பாடு தேவையில்லை.

தங்கை கோப்புகளை விட்டுத் தளத்துக்கு வந்த முதல் வாரமே பெட்டியைக் கவிழ்த்தாள். நான் தைத்துக் கொடுத்த தார்ப்பாயில் முழுப் பெட்டியையும் கொட்டிக் கலந்து, ஒவ்வொன்றாக அளந்தாள். அடியில் கிடந்தவை உள்ளங்கை நீளம். வயிற்றைக் கீறிப் பார்த்தாள். சினைப்பை நூல் போல இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட முட்டையிடாத மீன்கள்.

ஏலக்காரருக்கு முகம் கோணியது.

"ஏம்மா, விருந்துக்குப் போன இடத்துல சட்டிய கவுத்துப் பாப்பாங்களா?"

"நான் விருந்துக்கு வரலண்ணே. அளக்க வந்திருக்கேன்."

"அப்ப மேல உள்ளத அளந்துட்டுப் போ. உங்க ஆளுங்க அப்படித்தான் போவாங்க. தங்கமானவங்க."

தங்கமானவர்கள்தான். ஈரம் பட்டால் கறுத்துவிடும் தங்கம்.

ஓராண்டு முழுக்க அவள் பெட்டிகளைக் கவிழ்த்தாள். பிறகு அறிக்கை எழுதினாள். இந்த மீனின் குஞ்சுகள் முகத்துவாரத்தின் ஆழமில்லாத தண்ணீரில்தான் வளர்கின்றன. அவை அங்கே நுழையும் இரண்டு மாதமாவது வலையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரிசையில் அடுக்கவும் மீன் மிஞ்சாது என்று எழுதினாள். படகு உரிமையாளர்கள் புகார் சொல்ல, வெள்ளை ஷூ ஏலக்கூடத்துக்கே வந்தார். காய்ந்த இடம் தேடி என் கடை வாசலில் நின்றுகொண்டார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா. மேல நாலு மீன் அளந்தா போதாதா?"

"வெந்தத மட்டும் மேல பரப்பி வச்ச பானை சார் இது."

ஐஸ் உடைக்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் காது சிவந்தது.

"பழைய அளவோட சேத்து சராசரி போட்டுக் கொண்டா. நான் கையெழுத்துப் போடறேன். உன் வேலையும் நிரந்தரமாயிடும்."

"பழைய அளவு தப்பு சார்."

"அப்ப நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பிக்க. படகுக்காரங்க சண்டைக்கு வந்தா எந்த வீட்டுக்கு வரணும்னு தெரியட்டும்."

அந்த அலுவலகத்தில் அறிக்கை என்றால் இயக்குநர் கையெழுத்து மட்டும்தான். உழைத்தவர்கள் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட வராது. பெரிய அனுபவசாலிகள் கேட்டும் கிடைக்காத உரிமையை, பயந்துபோன ஒரு மனிதர் என் கடை வாசலில் உதறிவிட்டுப் போனார். குனிந்து எடுத்துக்கொள்வாளா என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டா வேலை போயிடுமாடி?"

"போகலாம்மா."

"போடலன்னா?"

"வேலை இருக்கும். அளக்கத்தான் ஒண்ணும் இருக்காது."

அம்மா கையிலிருந்த துண்டை உதறினாள். "அப்புறம் என்னடி யோசனை?" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன மரம் மாதிரி நிக்கிற? அவளுக்கு ஒரு பேனா எடுத்துக் குடு."

வேலை போகவில்லை, நிரந்தரமாகவும் இல்லை, இரண்டு ஆண்டு இழுத்தடித்தார்கள். படகுக்காரர்கள் வந்தார்கள். சத்தம் போட்டார்கள், தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், போனார்கள். வம்பு வேண்டாமென்று பெரியப்பா வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த வகையில் காபித்தூள் மிச்சம். அவள் அறிக்கையை வைத்து, முகத்துவாரம் இப்போது ஆண்டுதோறும் இரண்டு மாதம் வலைக்கு மூடப்படுகிறது. முதல்முறை மூடிய நாளில் மேடையேறி, "நாங்கள் கண்டறிந்தோம்" என்று முழங்கியவர் வெள்ளை ஷூ. எந்தப் பெட்டியில் கண்டறிந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்கவும் வேண்டாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து இல்லை. அப்பாவின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரை, கோணாமல், நீல மையில் எழுதியிருக்கிறாள். அலுவலகத் தாளில் அவள் முதன்முதலாகப் போட்ட கையெழுத்து அது. கீழே தேதியும் உண்டு: ஏப்ரல் ஒன்பது, அம்மா பேனா எடுக்கச் சொன்ன நாள்.