மேடம் எடுக்காத கோல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகளுக்கு நிதி தேடி, அவற்றை நடத்திக் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். நீர் மாதிரி எடுப்பது, கருவிகளைச் சரிபார்ப்பது, முடிவுகளை அட்டவணையாக்குவது என் வேலை. இரண்டு பணிப்பாளர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். முதலாமவர், நாங்கள் மேடம் என்று அழைத்தவர், திடீரென்று இறந்துபோனார். இரண்டாமவரான சேர் இப்போதும் இருக்கிறார். ஆனால் வந்த புதிதில் அவர் முழுதாக அங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது.

மேடத்தின் அறைதான் சேருக்கும் கிடைத்தது. மேடத்தின் கதிரையில் அவர் உட்காரவில்லை. வருகிறவர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் கதிரையை மேசையின் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அலுமாரியில் மேடத்தின் குடை, ஒரு சோடி சப்பாத்து, பாதி முடிந்த இஞ்சி பிஸ்கட் பக்கெட் எல்லாம் அப்படியே இருந்தன. பியோன் அந்தக் கதவைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்துவார். கூட்டத்தில் யாராவது “மேடம் இருந்தா…” என்று தொடங்கினால் சேர் பேனையை மூடிவைத்துவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருப்பார்.

மேடம் நிதி பெற்றுத் தொடங்கிய கடைசி வேலை கற்பிட்டிக் கரையோரக் கிணறுகளின் நீர்ச் சோதனை. வெங்காயத் தோட்டத்துக்குப் போடும் உரம் மணலுக்குள் இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்று என்ற உப்பாகச் சேர்கிறது. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் அது ஆபத்து; இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உதடும் நகமும் நீலமாகும். இரண்டாம் சுற்று மாதிரிகளை நான் எடுத்து வந்த பிறகு மேடம் இறந்தார். முடிவுகள் அதற்குப் பின்னர்தான் வந்தன. இறுதி அறிக்கை முடிந்ததும் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்புவோம், அவர்கள் வீடுகளுக்கு அறிவிப்பார்கள் என்றார் சேர். அதுதான் முறை. அறிக்கை இழுபட்டது. அடுத்த கட்டத்துக்கு நிதி கேட்டு எழுதுமுன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால், ஒரு காலை இருவரும் வேனில் கற்பிட்டிக்குப் போனோம்.

முதலில் போன வீட்டுப் பெண்ணுக்கு என் வயதிருக்கும். தொண்ணூறில் போரின்போது மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம். அவள் பிறந்தது புத்தளத்தில். நான் மாதிரி எடுத்தபோது நிறைமாதமாக இருந்தாள். இப்போது இடுப்பில் குழந்தை.

“வாங்க மிஸ், உள்ளுக்கு வாங்க. மேடம் எங்க? வேன்லயா இருக்காங்க?”

சேர் என்னைப் பார்த்தார். “மேடம் காலமாகிட்டா,” என்றேன்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டு வாய்க்குள் ஓதினாள். “எப்ப மௌத்து? எங்களுக்கு ஒரு செய்தியும் வரல்லயே.”

“நாங்க தண்ணி எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நாளில.”

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “அப்ப… தண்ணி?”

“என்ன தண்ணி?” என்றார் சேர்.

“மேடம் சொன்னாங்களே சேர். ‘தண்ணி கூடாதெண்டா நானே ஃபோன்ல கோல் எடுப்பன். கோல் வரல்லயெண்டா பயப்பிடாமக் குடி’ எண்டு. முதல் தரமும் அப்பிடித்தான். பக்கத்து வளவுக்குக் கோல் வந்திச்சி, அவங்க கிணத்த மூடிட்டாங்க. எங்களுக்கு வரல்ல. இந்தத் தரமும் வரல்ல. அதான் புள்ளைக்கு இந்தத் தண்ணியிலயே பால்மா கரைக்கிறன்.”

மேடத்துக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவருடைய மௌனம் அந்த வீட்டுக்குள் நாள்தோறும் ‘குடி, குடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வீட்டுக் கிணறு, முடிவுகளின்படி கூடாத கிணறுகளில் ஒன்று. என் முகத்தைப் பார்த்தே சேர் அறிந்துகொண்டார்.

“தங்கச்சி, பிள்ளைக்கு இனி இந்தத் தண்ணி வேணாம்.”

“கொதிக்க வச்சித்தான் குடுக்கிறன்.”

“கொதிக்க வச்சாலும் இது போகாது.”

“மேடம் கோல் எடுக்கல்லயே,” என்றாள் மறுபடியும், சேர் ஏதோ பொய் சொல்வதுபோல.

“மேடம் இல்ல. நான் சொல்லுறன்.”

“நீங்க யாரு சேர்?”

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். “மேடத்தின்ட இடத்தில இருக்கிறவன்,” என்றார் சேர். அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

குழந்தையையும் தாயையும் வேனில் ஏற்றிக் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நான் குழந்தையின் உதட்டையும் நகங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலமா, நிழலா என்று வேனுக்குள் தெரியவில்லை. தோட்டத்திலிருந்து கணவன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். “கிணறு தோண்டினது நான். குடிக்கச் சொல்றதும் வேணாங்கிறதும் நீங்களா?” என்று சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. டொக்டர் வெளியே வந்து, பிள்ளைக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, தண்ணீரை இன்றே மாற்றுங்கள் என்றார். கணவன் ஃபில்டர் தண்ணிக் கேன் வாங்கப் போனான். அவள் மட்டும் உட்கார்ந்திருந்த மரவாங்கிலிருந்து எழும்பவில்லை.

“தண்ணி நல்லமெண்டாலும் சொல்லுங்க சேர். சும்மா இருக்காதீங்க.”

“ஓம். எதெண்டாலும் சொல்லுவம்.”

மற்றக் கூடாத கிணறுகளின் வீடுகளுக்கு சேர் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றே கோல் எடுத்தார். அன்றிலிருந்து அறிக்கைக்குக் காத்திருப்பதில்லை. முடிவு வந்த அன்றே எல்லா வீடுகளுக்கும் சொல்கிறோம். கூடாத முடிவுகளை சேரும் நல்ல முடிவுகளை நானும் சொல்வதென்று பிரித்துக்கொண்டோம். அலுவலகக் கைபேசி மேடம் வைத்திருந்ததேதான், இலக்கமும் மாறவில்லை. கரையோர வீடுகளில் இன்னும் அவர் பெயரோடுதான் அது அடிக்கிறது. சில வீடுகளில் எடுப்பதில்லை. எடுத்தாலும் முதலில் மூச்சு மட்டும் கேட்கும். உங்கள் கிணறு நல்லம், பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று நான் சொல்கிறேன்.

போன கிழமை ஒரு பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“நல்லமெண்டா ஏன் மிஸ் கோல் எடுக்கிறீங்க?”